புருவம் கேட்கும் கேள்வி

கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்கடியில் கொத்து வெட்டிக்கொண்டிருந்த காதுகேளாத பெண் ஒருவர், செங்காய் கலந்த கொத்து ஒன்றைக் கையில் தாங்கியபடி மேஸ்திரியைப் பார்த்தார். புருவம் உயர்ந்திருந்தது, தலை சற்றே முன்னால் நீண்டிருந்தது. 'இதையும் வெட்டவா?' என்பது அவர் கேள்வி. "என்ன, இப்படி முழிக்கிது?" என்று அலுத்தபடி மேஸ்திரி நகர்ந்துவிட்டார். செங்காய் பெட்டிக்குள் போனது. திட்டு அந்தப் பெண்ணுக்கு விழுந்தது.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று மருட்கை. உயர்ந்த புருவத்தில் நமக்குத் தெரிவது அந்த வியப்பு மட்டுமே. இந்திய சைகைமொழியிலோ 'ஆமா, இல்லையா' என்று கேட்கப் புருவம்தான் உயரும். அமெரிக்க சைகைமொழியில் 'யார், எங்கே' என்று கேட்கும்போது புருவம் சுருங்கும். பழகாதவர் அதைக் கோபம் என்றே எடுத்துக்கொள்வார். சைகைமொழிக்காரர் முகத்தில் உணர்ச்சியோடு இலக்கணமும் இருக்கிறது.

காது கேட்காவிட்டால் முகம் படிக்கும் திறன் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று வேறு கதை சொன்னது. முகங்களுக்கிடையே உள்ள நுட்ப வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில், சைகைமொழி தெரிந்தவர்கள் காது கேட்பவர்களாக இருந்தாலும் முந்தினார்கள். அந்தக் கூர்மையைக் கொடுத்தது மொழி.

அந்த மொழி இல்லாத பிள்ளையை நினைத்துப் பாருங்கள். காதுகேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அம்மா அழுவது பிள்ளைக்குத் தெரியும். சற்றுமுன் போனில் வந்த சாவுச் செய்தி தெரியாது. முகம் தெரிந்தும் காரணம் தெரியாமலே வளரும் குழந்தை, பிறர் மனதைப் புரிந்துகொள்வதில் பின்தங்குகிறது. சைகைமொழி பேசும் பெற்றோரிடம் வளரும் காதுகேளாத குழந்தைகளுக்கு அந்தத் தாமதம் இருப்பதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

விடியுமுன் ஜீப்பேறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் தாய்மார் நிறைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. சைகைமொழி வகுப்பு அவர்களைத் தேடி மாலை வேளையில் ஊருக்கே வர வேண்டும். காதுக்கருவியோ காக்ளியர் இம்ப்ளாண்டோ கிடைத்தாலும் சைகைமொழியைத் தள்ளிப்போடக் கூடாது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைமொழியையும் தகவல் தொடர்பாகவே ஏற்கிறது. 10,000 சொற்கள் கொண்ட இந்திய சைகைமொழி அகராதி 2021-லேயே வந்துவிட்டது. ஆனால், முகத்தை முகம் பார்த்துத்தான் பழக முடியும். அதற்குச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வேண்டும். அந்த ஆசிரியர்களில் காதுகேளாதோரும் இருக்க வேண்டும்.

மேஸ்திரிகளும் அந்த வகுப்பில் வந்து உட்காரட்டும். அன்று அந்தக் கொத்து பந்தலிலேயே பழுத்திருக்க, ஒரு தலையசைப்பு போதுமாயிருந்தது.