வெள்ளித் தாமரையும் கறுப்புச் சாயமும்

தேசியத் திரைப்பட விருதுப் பட்டியல் வந்ததும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே சண்டைதான். இவருக்கா கொடுத்தார்கள், அவருக்கு ஏன் இல்லை, எங்கள் ஆளுக்கு எப்போது? ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இந்தச் சண்டையை நாம் வேறு இடத்தில் நின்று போட வேண்டும் தோழர்களே. தகுதியில்லாத விருது எது என்று கேட்டால் மோசமாக நடித்தவர் யார் என்று தேடிப் பயனில்லை. விருது வாங்கியவர்களில் மோசமான நடிகர்கள் குறைவு. எந்த உடம்பு செய்தால் அது நடிப்பு, எந்த உடம்பு செய்தால் அது வெறும் பிழைப்பு என்று ஓர் அளவுகோல் இருக்கிறதே, அதைத்தான் பிடித்து உலுக்க வேண்டும்.

'விசாரணை'யிலிருந்து தொடங்குவோம். 2015-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 63-வது தேசிய விருதுகளில் அந்தப் படத்துக்கு மூன்று விருதுகள் கிடைத்தன: சிறந்த தமிழ்ப் படம், சிறந்த படத்தொகுப்பு, சிறந்த துணை நடிகர். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், தான் பட்ட வதையை எழுதிய 'லாக்கப்' நாவல்தான் படத்தின் மூலம். ஆக, நடுவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. பார்த்தார்கள். பார்த்துவிட்டு நடிப்புக்கான விருதை யாருக்குக் கொடுத்தார்கள்? காவல் ஆய்வாளர் முத்துவேலாக வந்த சமுத்திரக்கனிக்கு.

சமுத்திரக்கனி நன்றாகவே நடித்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் படத்தைத் தூக்கிச் சுமப்பது யார்? வேலை தேடி ஆந்திராவுக்குப் போய், பூங்காவில் படுத்துத் தூங்கி, மொழி புரியாத காவல் நிலையத்தில் எதற்காக அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் அடி வாங்கும் கூலித் தொழிலாளிகள். பாண்டியாக வரும் தினேஷை மறுபடி பாருங்கள். நீண்ட வசனம் கிடையாது. அழுது கைதட்டல் வாங்கும் காட்சியும் கிடையாது. அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று காத்திருக்கும் உடம்பு, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுக்கும் கண், நண்பர்கள் ஒவ்வொருவராக உடைவதைப் பார்க்கும் முகம். அவருடைய பயத்தை நாம் நம்பினால்தான் அதிகாரியின் குற்றவுணர்ச்சிக்கே ஒரு பொருள் வரும். விருது மட்டும் அதிகாரிக்குப் போனது. காக்கிச் சட்டைக்குள் மனசாட்சி உறுத்தினால் அது நடிப்பு, கூலியின் முதுகு கிழிந்தால் அது கதைச் சூழல்!

அதே ஆண்டு சிறந்த நடிகர் அமிதாப் பச்சன், 'பிகு' படத்துக்காக. அவருக்கு அது நான்காவது முறை. மலச்சிக்கலைப் பற்றியே ஓயாமல் பேசும் டெல்லி வங்காளி அப்பா வேடம். சிரித்து ரசிக்கலாம். ஆனால் வங்காள உச்சரிப்பு, தொந்தி, கிழட்டுப் பிடிவாதம் இவற்றுக்கு மேல் அந்த வேடம் அவரிடம் என்ன கேட்டது? அவரைப் போன்ற அனுபவசாலி தன் கையிருப்பிலிருந்து எடுத்துப் போட்ட வேலை அது. வசதியான வீட்டின் வசதியான சிக்கலை வசதியாக நடித்ததற்கு நாட்டின் உயரிய நடிப்பு விருது. 'விசாரணை'யும் அவர்கள் முன்னால் இருந்த ஆண்டில் இது தகுதியில்லாத விருது என்றுதான் சொல்வேன்.

அடுத்து 'புஷ்பா'. 2023 ஆகஸ்ட் 24 அன்று அறிவிக்கப்பட்ட 69-வது விருதுகளில் அல்லு அர்ஜுன் சிறந்த நடிகர். இந்த விருதை வாங்கிய முதல் தெலுங்கு நடிகர் அவர். இத்தனை ஆண்டுகள் ஒரு தெலுங்கு நடிகர்கூட டெல்லியின் கண்ணில் படவில்லை என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபம் இந்த நடிப்பை உயர்த்திவிடாது. ஒரு பக்கம் தூக்கிய தோள், தாடியைத் தடவும் புறங்கை, முகமெல்லாம் கறுப்புச் சாயம். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கூலி முதலாளியாகும் பாதையில் ஏறிவிடுகிறான். மரம் வெட்டிக் காய்த்த கையின் களைப்பு அந்த உடம்பில் எங்கும் தங்கவில்லை. அவனுடைய பெரிய அவமானம் தந்தையின் குடும்பப் பெயர் மறுக்கப்பட்டது, அவ்வளவுதான். சாயத்தைக் கழுவிவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது வழக்கமான நாயகன்.

செம்மரம் என்றால் நமக்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வரும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். மலைவாழ் பழங்குடிகளும் அதில் இருந்தார்கள். அந்தத் தொழிலின் அடிமட்டத்தில் இருப்பவனின் முடிவு அது. அதே கூலியின் கறுப்பைப் பூசிக்கொண்டு அவனுடைய முடிவை மட்டும் விட்டுவிட்ட வேடத்துக்கு வெள்ளித் தாமரை.

அதே பட்டியலில் கடைசி மூலையில் இன்னொரு பெயர் இருந்தது: நல்லாண்டி. மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி'யில் மாயாண்டியாக வாழ்ந்த உண்மையான விவசாயி. படம் வெளிவரும் முன்பே இறந்துபோனார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காகக் கொலைப் பழி சுமந்து நீதிமன்றத்தில் நிற்கும்போது, பயிருக்குத் தண்ணீர் விடணுமே என்று தவிக்கும் அந்த முகத்துக்கு 'சிறப்புக் குறிப்பு' கொடுத்தார்கள். சிறப்புக் குறிப்பு என்றால் சான்றிதழ் மட்டும். தாமரையும் இல்லை, பணமும் இல்லை. படம் முழுவதும் அந்தப் பெரியவரின் தோளில்தான் நடக்கிறது, ஆனால் நடிகர் என்ற நாற்காலி அவருக்குக் கிடையாது. இங்கே நான் அவருடைய சாதியைப் பார்த்துப் பேசவில்லை. உழைக்கும் உடம்புக்குக் கலை வராது, அது தானாக நடப்பது என்று நினைப்பதே சாதியம் கற்றுக்கொடுத்த பார்வை. தவில் அடிப்பவர் வித்வான், பறை அடிப்பவர் வேலையாள் என்று பிரித்த அதே பார்வை.

"அவர் நடிக்கலையே, அப்படியே இருந்தார்" என்பார்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும். கேமரா முன்னால் யாராவது ஒரு நாள் 'அப்படியே' இருந்து பாருங்கள்! ஒரே காட்சியைப் பத்து முறை எடுக்கும்போது பத்து முறையும் முதல் முறை போல இருப்பதற்குப் பெயர்தான் நடிப்பு. 'பரியேறும் பெருமா'ளில் அப்பாவாக வந்த நெல்லை தங்கராஜ் பெண் வேடமிட்டு ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். நடுத்தெருவில் வேட்டி உருவப்பட்டு அவர் ஓடும் காட்சியில், தெருக்கூத்து மேடையில் பல ஆண்டுகள் பழகிய உடம்பு வேலை செய்கிறது. நடிப்புப் பள்ளியில் படித்தவர் செய்தால் 'பயிற்சி', தங்கராஜ் செய்தால் 'இயல்பு' என்றால் எப்படி?

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: "நடிப்பு என்பதே வேறொருவராக மாறுவதுதானே? தலித்தாக தலித்தான் நடிக்கணுமா?" நல்ல கேள்வி. இதற்குப் பி.கே.ரோஸியின் வாழ்க்கை பதில் சொல்லும். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னின் நாயகி அவர். புலையர் சமூகத்துப் பெண், திரையில் நாயர் பெண்ணாக மாறினார். கிடைத்தது என்ன? திரை மீது கல். உயிர் பிழைக்க ஊரை விட்டே ஓடி, தமிழ்நாட்டில் ராஜம்மாள் என்ற பெயரில் யாரென்று தெரியாமல் வாழ்ந்து முடிந்தார். படத்தை எடுத்த ஜே.சி.டேனியலின் பெயரில் இன்று கேரள அரசின் உயரிய திரை விருது இருக்கிறது.

வேறொருவராக மாறும் உரிமை எல்லோருக்கும் இருந்தால் எனக்குப் புகாரே இல்லை. ஆனால் மேலேயிருந்து கீழே இறங்கினால் பதக்கம், கீழேயிருந்து மேலே ஏறினால் கல் என்றுதானே இந்தப் பாதை போடப்பட்டது? இன்று கல் எறிவதில்லை. கறுத்த பெண்ணை மருத்துவராக, நீதிபதியாக, காதல் கதையின் நாயகியாகக் கூப்பிடுவதில்லை. அவளுடைய சொந்த வாழ்க்கையே படமாகும்போதும் இன்னொரு பெண்ணுக்குச் சாயம் பூசிக் கூட்டிவருகிறார்கள்.

"'அசுர'னுக்காக தனுஷுக்குக் கொடுத்தார்களே?" கொடுத்தார்கள், தகுதியான விருது. சிவசாமியின் அடங்கிய முதுகையும் வெடித்த கோபத்தையும் அவர் உடம்பாலேயே சொன்னார். ஆனால் நட்சத்திரம் ஒருவர் நம் கதைக்குள் வந்தால்தான் நம் கதை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்கும் அதுவே சாட்சி. அதே 67-வது விருதுகளில் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்குத் துணை நடிகர் விருது. அந்தச் சித்திரிப்பைப் பற்றித் திருநங்கையர் அப்போதே கேள்வி கேட்டார்கள். நம்முடைய கேள்வியும் அதுவேதான்: அவர்களில் ஒருவருக்கு அந்த வாய்ப்பு ஏன் போகவில்லை?

இதை நம் பக்கத்துப் படங்களிடமும் கேட்க வேண்டும். 69-வது பட்டியலில் 'ஜெய் பீம்' இல்லை என்று நாமெல்லாம் கொதித்தோம். செங்கேணியாக லிஜோமோள் ஜோஸின் நடிப்புக்கு நான் எங்கு வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் அவருடைய முகத்திலும் சாயம் பூசப்பட்டிருந்தது. இருளர் பெண்ணின் கதையில் இருளர்கள் துணைப் பாத்திரங்களாக நின்றார்கள், நடுவில் நிற்க வேறிடத்திலிருந்து ஆள் வந்தார். புஷ்பாவின் சாயத்தைத் திட்டிவிட்டு இந்தச் சாயத்தைப் பார்க்காமல் போனால் நம் வாதம் வெறும் ரசிகர் சண்டையாகிவிடும்.

இந்த விருதுக்கான நடுவர்களை நியமிப்பது ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். தேர்ந்தெடுப்பது மக்கள் பணத்தில். எனவே அந்தக் குழுவில் தலித்துகள், பழங்குடிகள் எத்தனை பேர் என்று கேட்பது நம் உரிமை. கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். விடுதியிலோ கல்லூரித் திரைப்பட மன்றத்திலோ விருதுப் படம் ஒன்றைத் திரையிட்டால், பேச்சை 'அருமையான நடிப்பு' என்பதோடு முடிக்காதீர்கள். இந்த வேடத்துக்கு யாரைக் கூப்பிட்டிருக்கலாம், ஏன் கூப்பிடவில்லை, அதே படத்தில் இவரைவிட அதிகம் சுமந்தவர் யார் என்று கேளுங்கள். குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை அதிகம்: உங்கள் தெருவில் ஒப்பாரி பாடும் அத்தைக்கும், பறையடிக்கும் சித்தப்பாவுக்கும் முக்கிய வேடம் கொடுங்கள். சம்பளத்தோடு கொடுங்கள். படத்தின் தொடக்கத்தில் அவர்கள் பெயரை 'நடிகர்கள்' என்ற தலைப்பின் கீழேயே போடுங்கள்.

ஜெய் பீம்.