முந்தியாச்சு, அப்புறம்?



திருமுடிவாக்கத்துக்குப் பக்கத்தில் போகும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கி.மீ. நீளம், ஆறு வழி. வலது ஓர லேன் முந்துவதற்குத்தான். முந்தியதும் இடப்பக்கம் வந்துவிட வேண்டும். ஆனால் ஆடி அசைந்து அதிலேயே போகிறவர்கள்தான் அதிகம். பின்னால் வருகிறவர் பொறுமையிழந்து இடப்பக்கமாக முந்துகிறார். அங்கேதான் சிட்கோவில் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும் பிள்ளைகள். (உங்களில் சிலரும்தான்!)

கேட்டால், "இடது ஓரத்துல லாரி நிக்குது சார்" என்கிறார்கள். உண்மைதான். இருட்டில் பின்விளக்குகூட இல்லாமல் நிறுத்துவது பெரிய குற்றம். அதைத் தாண்டும்வரை வலப்பக்கம் போங்கள். தாண்டிய பிறகும் ஏன் அங்கேயே?

போன வாரம் மருமகனிடம் இதைச் சொன்னேன். "மாமா, கார்லயும் கிளாஸா?" என்றார். இருந்தாலும் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் வந்தார்.