தட்டு நிறைய உமி

மூணு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. குதிரைவாலி அறுப்பு, கதிரடிப்பு, தூத்துறதுன்னு நாள் ஓடிப்போச்சு. நேத்துதான் கடைசி மூட்டையைக் கட்டி வீட்டுக்குள்ள ஏத்தினோம்.

போன பதிவுல என் பேரன் வளர்க்கிற குருவிகளைப் பத்தி ரெண்டு வரி போட்டிருந்தேன். அதைப் பாத்துட்டு நாலஞ்சு பேர், "நாங்களும் பின்ச் வாங்கலாம்னு இருக்கோம், முதல் தடவை, எது நல்லது?"ன்னு கேட்டிருந்தீங்க. பதில் எழுத ஆரம்பிச்சா அது நீண்டுக்கிட்டே போகுது. அதனால தனியாவே எழுதுறேன்.

முதல்ல என் கருத்தைச் சொல்லிடுறேன். "புதுசா வளக்குறவங்களுக்கு ஏத்த குருவி, பெருசா ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல"ன்னு சொல்லித்தான் கடையில இதை விக்கிறாங்க. என் மகள்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்களாம். அந்தப் பேச்சு தப்பு. இந்தக் குருவி சுலபமானது இல்ல, சத்தம் போடாதது. ரெண்டும் வேற வேற.

நடந்ததைச் சொல்றேன். போன வருஷத்துக்கு முந்தின ஆடியில பேரனுக்குப் பிறந்தநாள். ஏழு முடிஞ்சு எட்டு. சென்னையில மூணாவது மாடியில வீடு. நாய் வளக்க இடமில்லைன்னு நாலு குருவி வாங்கிக் கொடுத்தாங்க. ரெண்டு ஜீப்ரா பின்ச், ரெண்டு வெள்ளைப் பெங்காலி. வாங்கி பத்து நாள் இருக்கும், ஜீப்ரா சேவல் செத்துப்போச்சு. பேரன் போன்ல அழுதான். "தாத்தா, நான் தட்டு நெறைய சாப்பாடு வச்சிருந்தேன், அப்பறம் ஏன் செத்துச்சு?" எனக்கும் புரியல. சீக்காக் கொடுத்திருப்பாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அடுத்த வாரமே சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கு நான் சென்னை போக வேண்டியிருந்தது. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கூண்டைப் பாத்தேன். ஒரு பெங்காலி கீழ் தட்டுல பஞ்சு உருண்டை மாதிரி உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. தீனிக் கிண்ணம் விளிம்பு வரைக்கும் இருந்தது. கையில எடுத்தேன், கனமே இல்ல. வாயால ஊதினேன். அம்புட்டும் பறந்துபோச்சு. உமி! அடியில எண்ணி ஏழெட்டு தினை கிடந்தது.

விஷயம் இதுதான். இந்தக் குருவி தினையை அப்படியே முழுங்காது. அலகுல வச்சு உருட்டி, தோலை உரிச்சு, உள்ள இருக்கிற அரிசியை மட்டும் தின்னும். உமி அந்தக் கிண்ணத்துலயே விழும். ரெண்டு நாள்ல கிண்ணம் முழுக்க உமி. தூரத்துல இருந்து பாத்தா தினை நெறைஞ்ச மாதிரியே தெரியும். பேரன் தினமும் எட்டிப் பாத்து, "நெறைய இருக்கு"ன்னு நெனச்சிருக்கான். அவன் அம்மாவும் அப்படித்தான். நாலு குருவியும் நெறைஞ்ச தட்டுக்கு முன்னால பட்டினி கிடந்திருக்கு.

என் மகள் ரெண்டு டிகிரி படிச்சவ. அவளுக்கு உமிக்கும் மணிக்கும் வித்தியாசம் தெரியலன்னு நான் சொன்னா அது அவ குத்தம் இல்ல. சின்ன வயசுல அவ களத்துப் பக்கம் வந்தா, "தூசி, சொறியும், போய்ப் படி தாயி"ன்னு விரட்டினது நான்தான். சொளகைக் கையில கொடுத்ததே இல்ல. அன்னைக்கு அந்தக் கிண்ணத்தை நான் ஊதினப்ப அவ முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அவளை விட பேரன்தான் பாவம். தான் கொன்னுட்டதா நெனச்சு ராத்திரி சோறு திங்கல. எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பாரம் எதுக்கு? பிள்ளைக்குன்னு வாங்கினாலும் குருவிக்குப் பொறுப்பு பெரியவங்கதான். பிள்ளை கூட நின்னு பாக்கலாம், தண்ணி ஊத்தலாம். ஆனா காலையில காபிக்கு முன்னால கிண்ணத்தைக் கையில எடுத்து ஊதிப் பாக்க வேண்டியது பெரியவங்க. அதுக்கு ஆள் இல்லாத வீட்டுல இது வேண்டாம். இதைச் சொன்னா சில பேருக்குக் கோவம் வரலாம், வரட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஜீப்ரா பின்ச்சோட எடை 12 கிராம் அளவுதான். மூணு டீஸ்பூன் சர்க்கரை எடை. அதுக்கு உடம்புல சேத்து வைக்க இடமே கிடையாது. ஒரு நாள் முழுப் பட்டினியே அதுக்குப் பெருசு. மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்தா தெருவே கேக்குற மாதிரி கத்தும். கோழி காலைச் சுத்தும். ஆடு கயித்தை அத்துக்கிட்டு வரும். இது ஒண்ணும் செய்யாது. முடியாம இருந்தாக்கூட முடிஞ்ச வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே காட்டும். கூட்டத்துல எது சுணங்குதோ அதைத்தான் வல்லூறு தூக்கும், அந்தப் பயம் கூண்டுக்குள்ளயும் போகல. உப்பிக்கிட்டுக் கீழ வந்து உட்கார்ந்துச்சுன்னா ரொம்ப நேரம் கடந்துபோச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு அந்தப் பெங்காலி பொழைச்சுக்கிட்டது. கூண்டுக்குப் பக்கத்துல வெதுவெதுப்பா ஒரு பல்பு போட்டு, தினையும் தண்ணியும் மூக்குக்கு நேரா வச்சோம். சாயங்காலம் கம்புக்கு ஏறிடுச்சு.

பெங்காலின்னு பேரு, ஆனா வங்காளத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஜப்பான்காரங்க பல தலைமுறையா வளத்து உருவாக்கின குருவி அது. மூலம் நம்ம சில்லை இனம்தான். வெண்முதுகுச் சில்லைன்னு நம்ம மலைப்பக்கம் இன்னும் இருக்கு. ஆனா வெள்ளைப் பெங்காலியைக் காட்டுல எங்கயும் பாக்க முடியாது, அது பிறந்ததே கூண்டுக்குத்தான். ஜீப்ராவுக்கு ஊர் ஆஸ்திரேலியா. அங்க காஞ்ச புல்வெளியில கூட்டம் கூட்டமா இருக்குமாம். நம்ம கரிசக்காட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரிதான். கூட்டமா வாழ்றதுனால ஒத்தையா வாங்காதீங்க, ஏங்கிப்போகும்.

இப்ப என் தப்பைச் சொல்றேன். மகளை மட்டும் சொல்லிட்டு நான் நல்லவனாகக் கூடாது.

ஜீப்ரா பெட்டைக்கு ஜோடியா வேற ஒரு சேவல் வாங்கினாங்க. போன சித்திரையில மருமகனுக்கு வேற ஊருக்கு மாற்றல் வந்து வீடு மாறுற வேலை. "அப்பா, கொஞ்ச நாள் நீங்க பாத்துக்குங்க"ன்னு கூண்டை எங்க ஊருக்குக் கொண்டாந்துட்டா. ஆவணி வரைக்கும் எங்க திண்ணையிலதான். நான் முப்பது வருஷமா கோழி வளக்குறவன். இது என்ன பிரமாதம்னு ஒரு திமிர். கூண்டுக்குள்ள சின்னக் கலயம் ஒண்ணைக் கட்டி விட்டேன். காஞ்ச அறுகம்புல்லைப் போட்டேன். நாலே நாள்ல கூடு கட்டிடுச்சு. அஞ்சு முட்டை. சேவலும் பெட்டையும் மாத்தி மாத்தி அடைகாத்து பதிமூணாம் நாள் குஞ்சு. தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து பாத்தாங்க. எனக்குப் பெருமை தாங்கல. குஞ்சு சரியா தானாத் திங்கிறதுக்குள்ள மறுபடி முட்டை. விட்டேன். அது பொரிச்சு முடியவும் மூணாவது ஈடு. அதையும் விட்டேன். ஆடி மாசம் ஒரு நாள் காலையில பெட்டை கீழ உட்கார்ந்து வாலை ஆட்டி ஆட்டி முக்குது. முட்டை சிக்கிக்கிட்டது. வெதுவெதுப்புக் காட்டினேன், மத்தியானத்துக்குள்ள போயிருச்சு.

கூட்டைக் கண்டா இந்தக் குருவி நிறுத்தாது. கலயம் இருக்கிற வரைக்கும் முட்டை வச்சுக்கிட்டே இருக்கும், உடம்புல இருக்கிற சுண்ணாம்பெல்லாம் ஓட்டுக்குப் போயிடும். ஒரு போகம் எடுத்தா நிலத்தைக் கொஞ்சம் ஆறப்போடணும்னு எல்லாருக்கும் புத்தி சொல்றவன் நான். அந்தப் பெட்டையை மட்டும் மூணு போகம் உழுதுட்டேன். புதுசா வளக்குறவங்க கலயமே கட்டாதீங்க. குஞ்சு வந்தா வைக்க இடம் எங்க, கொடுக்க ஆள் யாருன்னு தெரியாம அந்த வேலை வேண்டாம். கூடு இல்லாமலும் முட்டை வைக்கும், அதனால சுண்ணாம்புச் சத்து எப்பவும் கூண்டுல இருக்கணும். நாட்டு மருந்துக் கடையில கடல் நுரை முழுசாக் கிடைக்கும், ஒரு துண்டைக் கம்பியில சொருகி விட்டாப் போதும். வேக வச்ச கோழிமுட்டை ஓட்டை நுணுக்கிப் போட்டாலும் சரி.

கூண்டு வாங்குறப்ப உயரத்தைப் பாக்காதீங்க, அகலத்தைப் பாருங்க. இது கிளி மாதிரி ஏறாது, இந்தக் கம்புக்கும் அந்தக் கம்புக்கும் நேராப் பறக்கும். ஒரு ஜோடிக்கு ரெண்டரை அடி அகலமாவது வேணும். கோபுரம் மாதிரி, குண்டு மாதிரி அழகுக்கு விக்கிற கூண்டுல அதுக்குப் பறக்க இடமே இல்ல. கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல போனா தலையை நுழைச்சு மாட்டிக்கும். உக்கார வழவழன்னு பிளாஸ்டிக் கம்பு வேண்டாம், வேப்பங்குச்சி, கொய்யாக்குச்சி பெருசும் சிறுசுமா வைங்க, காலுக்கு நல்லது. அடுக்களையில மட்டும் கூண்டை வைக்காதீங்க. நான்ஸ்டிக் சட்டி வெறுமனே அடுப்புல காஞ்சா வர்ற புகையே இதைக் கொன்னுடும். கொசுவத்திப் புகையும் ஆகாது.

தீனியில நகரத்துக்காரங்க ரெண்டு இடத்துல ஏமாந்துபோறாங்க. சூப்பர் மார்க்கெட்டுல கிடைக்கிறது தினை அரிசி, தோல் நீக்கினது. அது நமக்கு. குருவிக்குத் தோலோட இருக்கிற முழுத் தினை, சாமை, குதிரைவாலி வேணும். நல்ல தீனியான்னு பாக்க நாங்க விதைக்குப் பாக்குற மாதிரியே பாருங்க. ஒரு ஈரத்துணியில நூறு மணியைக் கட்டி மூணு நாலு நாள் வைங்க. பெரும்பாலும் முளைச்சா உயிருள்ள தீனி. பாதி கூட முளைக்கலன்னா பழசு, வேற கடை பாருங்க. இன்னொண்ணு ரொம்ப முக்கியம். உரக்கடையில விதைக்கம்பு, விதைச்சோளம்னு பாக்கெட்டுல இருக்கும், ரோஸ் கலர்லயோ நீலத்துலயோ சாயம் ஏறியிருக்கும். அது விதை நேர்த்தி மருந்து. அதை யாராவது "தோலோட இருக்கு"ன்னு குருவிக்குப் போட்டா அவ்வளவுதான்.

சாயம்னதும் ஞாபகம் வருது. தையில கதிர் முத்துறப்ப எங்க காட்டுல சில்லைக் கூட்டம் வந்து இறங்கும். நாங்க தினைக்குருவின்னு சொல்வோம். வரப்புல நின்னு தகரத்தைத் தட்டி விரட்டுவோம், கால் மூட்டை அரை மூட்டை அதுங்களுக்குப் போகத்தான் செய்யும். இந்தத் தையில வெளியூர் ஆள் ஒருத்தர் வந்தார். "அண்ணாச்சி, ரெண்டு நாள் வலை போட்டுக்கிறேன், உங்களுக்கும் தொல்லை குறையும்"னார். ஒரு நிமிஷம் மனசு ஆடத்தான் செஞ்சது, இல்லன்னு சொல்ல மாட்டேன். வேண்டாம்னு அனுப்பிட்டேன். அந்தக் குருவிதான் சந்தையில பச்சை, சிவப்பு, மஞ்சள்னு சாயம் பூசி "கலர் பின்ச்"னு உங்க கைக்கு வருது. சாயம் போயிட்டா உள்ள இருக்கிற சில்லை தெரியும். நம்ம நாட்டுச் சில்லையைப் பிடிக்கிறதும் விக்கிறதும் கூண்டுல வைக்கிறதும் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். சட்டத்தை விடுங்க, வானத்துல இருந்ததைப் பிடிச்சு அடைச்சா அதுல பாதி கடைக்கு வர்றதுக்குள்ளயே செத்துப்போகும்னு வலைக்காரங்களே சொல்வாங்க. விலை மலிவா இருக்கேன்னு வாங்காதீங்க. நீங்க வாங்குற வரைக்கும்தான் எங்க வரப்புக்கு வலை வரும்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கூட்டம் இருக்கு. எங்க வீட்டுக்கு வந்த ஒருத்தர், "பாவம், திறந்து விட்ருங்களேன், புண்ணியம்"னார். கூண்டுலயே முட்டை பொரிச்சு, கூண்டுலயே வளந்த ஆஸ்திரேலியாக் குருவி. அதுக்கு இங்க எதைத் திங்கணும், எதுக்குப் பயப்படணும்னு தெரியாது. திறந்து விட்டா சாயங்காலத்துக்குள்ள காக்காவுக்கோ வல்லூறுக்கோ இரை. பாக்க முடியலன்னா, பாக்குற ஒருத்தர் கையில கொடுங்க.

ஆவணியில கூண்டு மகள் வீட்டுக்குத் திரும்பிப் போச்சு. சேவல், ரெண்டு பெங்காலி, என்கிட்ட பிறந்த ஆறு குஞ்சுல ரெண்டு. மீதி நாலை பக்கத்து ஊர்ல பெரிய கூண்டு வச்சிருக்கிற ஒரு வாத்தியார்கிட்ட கொடுத்தேன். போன ரெண்டுல ஒண்ணு சேவல், அப்பன் பாடுறதைக் கேட்டு அப்படியே பாடப் பழகுது. பேரன் தினமும் பள்ளிக்கூடம் கிளம்புறதுக்கு முன்னால எனக்குப் போன் போடுவான். அவன் கிண்ணத்தைப் போனுக்குப் பக்கத்துல வச்சு ஊதுவான், அந்தச் சத்தம் எனக்குக் கேக்கும். பின்னாலயே அவங்க அம்மா, "நானும் பாத்துட்டேன்ப்பா"ன்னு சொல்லுவா.

தினை கேட்டு எழுதினவங்களுக்கு: இந்த வருஷம் நான் தினை போடல, குதிரைவாலிதான். மருந்து அடிக்காதது, தோலோட இருக்கு. வீட்டுல ஒரு கூண்டு இருக்கிறவங்களுக்கு ரெண்டு கிலோ போதும், அதுக்கு மேல வாங்கி வண்டு விழ விடாதீங்க.