ஓட்டுநர் கையில் கைப்பேசி

நாள்தோறும் நகரப் பேருந்தில் கல்லூரிக்கு வருபவன் நான். சென்ற வாரம், காதில் கைப்பேசியும் ஒற்றைக் கையில் ஸ்டியரிங்குமாக ஓட்டுநர் வளைவில் திரும்பினார். கண்டும் நான் பேசவில்லை. மற்றவர்களோ காணவேயில்லை, அவரவர் கைப்பேசியில் அல்லவா குனிந்திருந்தனர்!

லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சாட்ஸ்வொர்த்தில், 2008 செப்டம்பர் 12 அன்று, குறுஞ்செய்தியில் மூழ்கிய ரயில் ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கடந்தார். எதிரே சரக்கு ரயில். அவர் உட்பட 25 பேர் மாண்டனர். அவரது கடைசிச் செய்தி சென்றது மோதலுக்கு 22 வினாடி முன்புதான்.

வண்டி புறப்படுமுன் ஓட்டுநரின் கைப்பேசியை நடத்துநர் தம் பையில் வாங்கி வைக்கவேண்டும் என்பேன். வீட்டில் அவசரம் என்றால்? நடத்துநரை அழைக்கட்டுமே! நாளையும் அதே பேருந்துதான். ‘அண்ணே, பேசி முடித்துவிட்டு வண்டியை எடுங்கள்’ என்று கேட்பதாக இருக்கிறேன்.