அலைக்கற்றை எனும் பொதுநிலம்

2025 மே மாதத்தில் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவு விதிகள், 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கீழ்ப்பகுதியான 500 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றி வைஃபைக்குப் பயன்படுத்த வழிவகுத்தன. மேற்பகுதியான 700 மெகாஹெர்ட்ஸோ செல்பேசி சேவைக்கென ஒதுக்கப்பட்டு, ஏலத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. அமெரிக்கா 2020இலேயே 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் உரிமமின்றித் திறந்துவிட்டது. இங்கோ அது முழுவதும் செல்பேசி சேவைக்கே வேண்டும் என்று பெருநிறுவனங்கள் வற்புறுத்தி வந்தன.

உரிமையாளர் இல்லாத இடத்தில் குழப்பமே மிஞ்சும் என்பது தனியுடைமைவாதிகளின் பழைய வாதம். அனுபவம் அதனை மறுக்கிறது. 2005 முதல் நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபை, புளூடூத், ஜிக்பீ ஆகியவை அருகருகே இயங்குகின்றன. வைஃபை கருவி பேசுமுன் கேட்கிறது. வேறொரு கருவி பேசிக்கொண்டிருந்தால் காத்திருந்து அனுப்புகிறது. புளூடூத் நொடிக்கு 1600 முறை வரை தடம் மாறி, நெரிசலான தடங்களைத் தவிர்க்கிறது. அனைத்துக் கருவிகளின் ஆற்றலுக்கும் வரம்பு உண்டு. நெரிசல் எழுவது உண்மையே. எனினும் எவரும் எவரையும் வெளியேற்றுவதில்லை.

இந்த ஒழுங்கைக் குலைக்கும் முயற்சியும் நடந்தது. ஏலத்தில் பெற்ற அலைக்கற்றையைக் கையில் வைத்துக்கொண்டே, உரிமமற்ற 5 கிகாஹெர்ட்ஸிலும் செல்பேசி அலையைச் செலுத்த எல்டிஇ-யு என்ற தொழில்நுட்பம் முன்வைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் கேட்டுப் பேசாமல், தானே வகுத்த நேரக் கணக்கின்படி அது அலைவரிசையை எடுத்துக்கொண்டது. ‘பேசுமுன் கேள்’ என்பதை விதியாகவே வைத்திருந்த ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதற்கு இடமில்லாமல் போனது. பொதுநிலம் தானாகவே பொதுவாக நீடிப்பதில்லை. வலியவரையும் கட்டுப்படுத்தும் விதியே அதனைக் காக்கிறது.

வான்அலைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்தது. அச்சொத்து ஒருசிலரின் கையில் குவிந்தால் என்ன நேரும் என்பதை, 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தியபோது உழைக்கும் மக்கள் கண்டனர்.

எனவே, 6 கிகாஹெர்ட்ஸின் மேற்பகுதி முழுவதையும் ஏலத்திற்கு விடும் போக்கை ஒன்றிய அரசு கைவிட வேண்டும். அதில் கணிசமான பங்கை உரிமமற்ற பயன்பாட்டிற்குத் திறக்க வேண்டும். செல்பேசி சேவைக்கான பங்கில் பிஎஸ்என்எல் நிறுவனத்திற்கே முன்னுரிமை தர வேண்டும். உரிமமற்ற அலைவரிசையில் நுழையும் எந்த நிறுவனத்திற்கும் ‘பேசுமுன் கேள்’ என்பது சட்டக் கடமையாக வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பொதுநிலத்திற்கு வேலி போட அனுமதியோம் என்ற முழக்கத்தைக் கட்சி அணிகள் மக்களிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.