இருபத்தைந்து கோல் வாங்கியது யார்?



முதலில் கணக்கு. 2022 முடியும் வரை இந்தியாவின் இளையோர் கால்பந்து அணிகள் ஃபிஃபா உலகக் கோப்பையில் ஆடியது இரண்டே முறை. 2017-ல் 17 வயதுக்குட்பட்ட பையன்கள், தில்லியில். 2022-ல் 17 வயதுக்குட்பட்ட பெண்கள், புவனேசுவரத்தில். இரண்டு தடவையும் தகுதிப் போட்டியில் ஜெயித்துப் போகவில்லை. நடத்துகிற நாடு என்பதால் கிடைத்த இடம். பையன்கள் அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. பெண்கள் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. மொத்தம் ஆறு ஆட்டம். போட்டது 1, வாங்கியது 25.

இந்தக் கணக்கை வைத்து எடிசன், பிஸ்கட்டவே வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிற வசனம் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். "140 கோடி பேர்ல பதினோரு பேர் கிடைக்கலையா?" அப்புறம் யாராவது ஒரு மாமா மரபணு பற்றிப் பேசுவார், இன்னொருத்தர் கிரிக்கெட்டைத் திட்டுவார், மூணாவது ஆள் "நம்ம உடம்பு வாகு அப்படி" என்று முடித்துவைப்பார்.

பதினோரு பேர் கிடைச்சாங்க, மாமா. எப்பவுமே கிடைச்சாங்க. அவங்களுக்குத் தர வேண்டிய திடலையும் சோற்றையும் பாதுகாப்பையும் தராமல், அவங்க பெயரில் கொடி மட்டும் ஏற்றிக்கிட்டாங்க. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் அதுக்கான ஆதாரம்.

1974-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் கோப்பையில் இந்தியாவும் ஈரானும் இறுதியில் 2-2 என்று சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. இந்தியக் கேப்டன் ஹைதராபாத்தின் ஷபீர் அலி. உடம்பு வாகு அன்றைக்கும் இதேதான். 2018-ல் மலேசியாவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் இந்தியப் பையன்கள் வியட்நாமை 1-0 என்று வென்றார்கள், ஈரானோடும் இந்தோனேசியாவோடும் கோல் இல்லாமல் சமன் செய்தார்கள். காலிறுதியில் தென் கொரியாவிடம் 0-1. அந்த ஆட்டத்தை ஜெயித்திருந்தால் உலகக் கோப்பைக்குச் சொந்தக் காலில் போயிருப்பார்கள். 2025 அக்டோபரில் பிஷ்கெக்கில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உஸ்பெகிஸ்தானை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஆக, மரபணு வாதத்தைக் குப்பையில் போடலாம்.

இனி அந்த ஒரே ஒரு கோலுக்கு வருவோம். 2017 அக்டோபர் 9, கொலம்பியாவுக்கு எதிராக 82-வது நிமிடம். கார்னர் அடித்தது பெங்களூரின் சஞ்சீவ் ஸ்டாலின். அவருடைய அம்மா நடைபாதையில் துணி விற்றவர். தலையால் முட்டியது மணிப்பூரின் ஜீக்சன் சிங். அவருடைய அம்மா இம்பால் சந்தையில் காய்கறி விற்றவர். கேப்டன் அமர்ஜித் சிங் கியாம். அவருடைய அம்மா மீன் விற்றவர். 21 பேர் அணியில் 8 பேர் மணிப்பூர்க்காரர்கள். உலகக் கோப்பையில் இந்தியாவின் ஒரே கோல் தெருவில் கடை போட்ட அம்மாக்கள் பெற்றுத் தந்தது. அந்த அம்மாக்களுக்குச் சந்தையில் ஒரு நிழற்கூரை கேட்டால் தில்லி எவ்வளவு நாள் இழுத்தடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2023 மே மாதம் மணிப்பூர் எரிந்தது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த ஜூலையில் பெரியவர்கள் அணி தெற்காசியக் கோப்பையை வென்றபோது ஜீக்சன் ஏழு நிறக் கொடியொன்றைப் போர்த்திக்கொண்டு மேடைக்குப் போனார், மணிப்பூரில் அமைதி வேண்டும் என்று சொன்னார். உடனே "தேசத்தை அவமதிச்சிட்டான்" என்று கூச்சல். அது மெய்தெய் மக்களின் கொடி, குக்கி மக்களுக்கு அது வேறு மாதிரி தெரியும் என்ற விமர்சனம் நியாயமானது, அதை நாம் பேசலாம். ஆனால் கூச்சல் போட்டவர்கள் யாரும் குக்கி மக்களுக்காகக் கவலைப்பட்டுக் கத்தவில்லை. கோல் போட்டால் இந்தியன், ஊர் எரியுதுன்னு சொன்னா துரோகி. அவங்க கணக்கு அவ்வளவு எளிது.

பெண்கள் அணியின் கதை இன்னும் கசப்பு. 2022 அணியின் கேப்டன் அஷ்டம் ஒராவோன், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் ஒரு பழங்குடிக் கிராமத்துப் பெண். (ஒராவோன் மக்களின் குருக் மொழி நம்ம திராவிடக் குடும்பம்தான், வடக்கே தெரியாத உறவு என்று எதையும் நினைக்காதீங்க.) அவர் கேப்டன் ஆனதும் அரசு நிர்வாகம் பெருமையாக அவர் வீட்டுக்குச் சாலை போட முடிவு செய்தது. அந்தச் சாலையில் கல் சுமந்த தினக்கூலிகளில் அவருடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். நாளைக்கு 250 ரூபாய். மகள் பெயரில் சாலை, பெற்றவர்களுக்குக் கூலி. இந்திய இளையோர் கால்பந்தின் வரலாற்றை யாராவது ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதே ஆண்டு ஜூலையில் அந்த அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர் ஐரோப்பியப் பயணத்தின்போது நடந்த பாலியல் முறைகேட்டுக்காகப் பதவி நீக்கப்பட்டார். மைனர் பெண்கள் அணி அது. இன்னொரு பக்கம், கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிரஃபுல் படேல் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் உட்கார்ந்திருந்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் இறக்கியது. அதன் பின்விளைவாக ஆகஸ்ட் 15 அன்று ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அந்தப் பெண்களின் உலகக் கோப்பை கிட்டத்தட்ட கைநழுவிப் போனது. 26-ம் தேதிதான் தடை விலகியது.

அதுக்கு முந்தின நாள், ஆகஸ்ட் 14, நம்ம எடிசனில் என்ன நடந்தது? ஞாபகம் இருக்கும். இந்திய தின ஊர்வலத்தில் புல்டோசர் ஓட்டினார்கள். முஸ்லிம்களின் வீட்டை இடிக்கிற இயந்திரத்தை ஓக் ட்ரீ ரோட்டுப் பக்கம் பெருமையாகக் காட்டினார்கள். பாரத மாதாவுக்கு அன்றைக்கு அங்கே பஞ்சமே இல்லை. மறுநாள் பதினாறு, பதினேழு வயது ஆதிவாசிப் பெண்களின் போட்டி தொங்கலில் நின்றபோது இந்தத் தேசபக்தர்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பு வந்ததா? எனக்குக் கேட்கவில்லை.

சரி, எட்டு கோல் போட்ட பக்கம் என்ன கதை? நாம் வாழ்வது அந்தப் பக்கத்தில்தானே. அன்றைக்கு இரண்டு கோல் போட்ட மெலினா ரெபிம்பாஸ் நம்ம நியூ ஜெர்சிக்காரர். அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் பலம் வானத்திலிருந்து விழவில்லை. 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டம் பள்ளியும் கல்லூரியும் பெண்களுக்கு விளையாட்டில் சம இடம் தர வேண்டும் என்றது. பெண்கள் இயக்கம் போராடி வாங்கிய சட்டம். இங்கே பிஸ்கட்டவேயில் ரட்கர்ஸ் திடலில் கார்லி லாய்ட் ஆடினார் என்றால் அந்தச் சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் "அமெரிக்கா பாரு" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தேதி. இந்தியாவுக்கு எதிரான ஆட்டம் 2022 அக்டோபர் 11. அதற்கு எட்டு நாள் முன்னால், அக்டோபர் 3 அன்று, சாலி யேட்ஸ் தலைமையிலான விசாரணை அறிக்கை வெளியானது. அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கில் பயிற்சியாளர்களின் வசைமொழியும் பாலியல் அத்துமீறலும் லீக் முழுக்கப் பரவியிருந்தன, அதன் வேர் சிறுமியர் அணிகளிலேயே இருக்கிறது என்று அது சொன்னது. ஆக அன்றைக்குப் புவனேசுவரத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு அணிப் பெண்களையும் அவரவர் கூட்டமைப்பு ஒரே விதமாகக் கைவிட்டிருந்தது. ஸ்கோர்போர்டில் அது வரவில்லை.

பணம்? அமெரிக்க இளையோர் கால்பந்து பெற்றோரின் பாக்கெட்டில் ஓடுகிறது. சனிக்கிழமை காலையில் நான் இங்கே சில பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். அதில் ஒரு பெண், 12 வயது, இடது காலால் அடித்தால் வலை கிழியும். அவளுடைய அம்மா ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் நிற்கிறார். போன வருஷம் ஒரு கிளப்பின் ட்ரையவுட்டில் தேர்வானாள். வாழ்த்துச் சொன்ன அதே மின்னஞ்சலில் கட்டணப் பட்டியல்: சேர்க்கை, சீருடை, வெளியூர்ப் போட்டி, ஹோட்டல். எல்லாம் சேர்த்து நாலாயிரம் டாலருக்கு மேல். உதவித்தொகைக்கு எழுதினோம், இடம் முடிந்தது என்று பதில் வந்தது. அந்த இடத்தில் இப்போது வேறு ஒரு பிள்ளை ஆடுகிறது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இதைத் திறமைக்கான தேர்வு என்று சொல்லாதீங்க. ஜார்க்கண்டில் திடல் இல்லாமல் தடுக்கிறார்கள், நியூ ஜெர்சியில் திடலைச் சுற்றிக் கல்லாப்பெட்டி வைத்துத் தடுக்கிறார்கள். இவ்வளவு பணம் புரண்டும் அமெரிக்கா 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்ம தோழர்கள் சிலர் வேறு கேள்வி கேட்கிறார்கள். தேசிய அணி என்பதே தேசியவாதம்தானே, அதுக்கு எதுக்கு ஒரு மடல்? கொடி பற்றி அவங்க சொல்றது சரி. ஆனால் திடலில் ஓடுகிற பிள்ளை கொடி கிடையாது. அது உழைக்கிறது. அந்த உழைப்பில் டிக்கெட் விற்கிறது, ஒளிபரப்பு விற்கிறது, மந்திரி மாலை போட்டுக்கொள்கிறார். 2017 போட்டிக்கு 13 லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள் வந்தார்கள். உழைக்கிறவர் பக்கம் நிற்பதுதான் நம்ம வேலை என்றால் பதினாறு வயது கோல்கீப்பர் பக்கமும் நிற்கணும். நாம் அந்த இடத்தைக் காலியாக விட்டால் புல்டோசர் கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு. 2036 ஒலிம்பிக்ஸுக்கும் விண்ணப்பம். மறுபடியும் விருந்து வைக்கிற பெருமை. விருந்து வைத்தால் பிள்ளைக்குப் பசி அடங்காது என்பதற்கு 2017-ம் 2022-ம் சாட்சி. 2017 பையன்கள் சேர்ந்து ஆடுவதற்காகவே கூட்டமைப்பு நடத்திய இந்தியன் ஏரோஸ் அணியைக்கூட 2022-ல் இழுத்து மூடிவிட்டார்கள். இந்தக் கரையிலும் அதே விருந்துதான்: 2026 உலகக் கோப்பையின் இறுதிப் போட்டிக்குக் குறித்த இடம் கிழக்கு ரதர்ஃபோர்ட், நமக்கு ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை.

எது பலிக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. வியாசர்பாடி முல்லை நகர் திடலில் உள்ளூர்க்காரர்களே தொடங்கிய பயிற்சி, கடலூரில் சுனாமிக்குப் பிறகு காப்பகத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்த பயிற்சி. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் முறையாகத் தேசியக் கோப்பையை வென்றார்கள். ஒரு திடல், தினமும் வருகிற ஒரு பயிற்சியாளர், பயிற்சி முடிந்ததும் சாப்பாடு. இந்த மூணும் இருந்த இடத்தில் ஆட்டக்காரர்கள் வந்தார்கள்.

இங்கேயே ஒரு பாடம் இருக்கு. பிஸ்கட்டவேயில் ஆடிக்கொண்டிருந்த ஸ்கை புளூ அணியின் பெண்களுக்குப் பயிற்சி இடத்தில் குளிக்கக்கூட வசதி இல்லை என்று 2018-ல் செய்தி வந்தது. அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி அதன் இணை உரிமையாளராக இருந்தார். ஆட்டக்காரர்கள் வாயைத் திறந்தார்கள், ரசிகர்கள் விடாமல் கத்தினார்கள். 2019-ல் நிர்வாகம் மாறியது, பிறகு அணி ஹாரிசன் திடலுக்குப் போனது, கோத்தம் என்று பெயர் மாறி 2023-ல் லீக்கையே வென்றது. கேட்டால் கிடைக்கும், சேர்ந்து கேட்கணும்.

ஆகவே நான் முன்வைப்பது இதுதான். டவுன்ஷிப் கவுன்சில் கூட்டங்களில் பொதுமக்கள் பேசுகிற நேரம் உண்டு. அங்கே போய்க் கேட்போம்: வருமானத்துக்கு ஏற்ற கட்டணம், வார இறுதியில் பள்ளித் திடல்களைத் திறந்துவிடுவது, அப்பார்ட்மென்ட் குடியிருப்புகளிலிருந்து பேருந்து, பிள்ளைகள் பயமில்லாமல் புகார் சொல்ல கிளப்புக்கு வெளியே ஓர் ஆள். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் விழாக் குழுவுக்கு அனுப்பாமல் வியாசர்பாடி மாதிரி திடல்களுக்கு அனுப்புங்கள். அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் "பதினோரு பேர் கிடைக்கலையா" என்று வந்தால் அந்தச் சாலைக் கதையை, 250 ரூபாய்க் கூலியோடு, பதிலாகப் போடுங்கள்.

அடுத்த கவுன்சில் கூட்டத்துக்கு யார் யார் வர்றீங்க? இந்த மடலுக்கே பதில் எழுதுங்க. கார் இல்லாதவங்க சொல்லுங்க, நாங்க வந்து கூட்டிக்கிட்டுப் போறோம்.