பார்த்தீனிய அரிப்பு: பரிசோதனைக்கு எத்தனை நாள்?

கேள்வி: பார்த்தீனியம் பிடுங்கினால் முகம், கழுத்து, கைகளில் அரிப்பும் தடிப்பும் வருகின்றன. ஒவ்வாமைப் பரிசோதனை ஒரே நாளில் முடியுமா?

பதில்: முடியாது. செடி தோலில் படுவதால் வரும் ஒவ்வாமைக்குத் தோல் மருத்துவர்கள் செய்வது ‘பேட்ச் டெஸ்ட்’. திங்களன்று முதுகில் ஒட்டினால், 48 மணி நேரம் கழித்துப் புதனன்று எடுத்துப் பார்ப்பார்கள். வியாழன் அல்லது வெள்ளியன்று மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. வியர்க்கும் வேலையும் கூடாது. ஆகவே நடவு, அறுவடை இல்லாத வாரத்தில் செல்வது நல்லது.

தும்மல், இளைப்புக்குத் தோலில் ஊசியால் லேசாகக் குத்திச் செய்யும் பரிசோதனை 15 முதல் 20 நிமிடங்களில் தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவுக்குச் சில நாட்களாகும்.

சாப்பிடும் மாத்திரை, பூசும் களிம்பு பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சில மருந்துகள் முடிவை மறைத்துவிடும். இனி அந்தச் செடியை, பூக்கும் முன்பே, கையுறை அணிந்த வேறொருவர் பிடுங்கட்டும்.